கல், செங்கல், மரம்: ஏப்ரல் லீவில் ஒரே நாளில் மூன்று கோயில், குடும்பத்தோடு எப்படிப் போவது?

ஹட்டன் தாமரை

எல்லாருக்கும் வணக்கம். ஏப்ரல் லீவில் வீட்டாட்கள் ஒன்பது பேர் ஹட்டனிலிருந்து ஒரு நாள் பயணம் போக இருக்கிறோம். பிள்ளைகள் மூன்று பேர், வயது 6, 9, 13. அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலி உண்டு. கடலும் நீர்வீழ்ச்சியும் இந்த முறை வேண்டாம். சிற்பம், சுவர்ச்சித்திரம், பழைய தச்சு வேலை இப்படி எதையாவது பிள்ளைகள் கிட்ட நின்று பார்க்க வேண்டும் என்பதுதான் ஆசை. பெரியவள் பள்ளிக்கூடத்தில் சித்திரம் ஒரு பாடமாக எடுத்திருக்கிறாள். தம்புள்ளை, சிகிரியா என்று யோசித்தால் போய்வரும் நேரமே நாளைத் தின்றுவிடும். இரவு எட்டு மணிக்குள் திரும்ப வேண்டும். வேன் பிடிப்போம். எங்கே போகலாம்?

கம்பளைவாசி

தங்கச்சி, உங்கள் வீட்டுக்கும் கண்டிக்கும் நடுவிலேயே இருக்கிறது. கடலாதெனிய விகாரை, லங்காதிலக விகாரை, எம்பக்க தேவாலயம். தவுலகல பக்கம் மூன்றும் ஒரே வீதித் தொடரில் வருகின்றன. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏழெட்டுக் கிலோமீற்றருக்கு மேல் இருக்காது.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் கிட்ட இருப்பது மட்டும் அல்ல. மூன்றும் கம்பளை இராசதானிக் காலத்தவை. கடலாதெனியவும் லங்காதிலகவும் 1344ஆம் ஆண்டில், நான்காம் புவனேகபாகு ஆட்சியில் எழுந்தவை. எம்பக்க அதற்குச் சற்றுப் பிந்தி, மூன்றாம் விக்கிரமபாகு காலத்தில் வந்தது. முதலாவது கருங்கல், இரண்டாவது செங்கல், மூன்றாவது மரம். ஒரே நூற்றாண்டில், ஒரே வட்டாரத்தில், மூன்று பொருளைக் கையாளத் தெரிந்த மூன்று வகைக் கைகள் வேலை செய்திருக்கின்றன. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல இதைவிட நல்ல ஏற்பாடு மலைநாட்டில் எனக்குத் தெரிந்து இல்லை.

இனி ஒழுங்கு. இதில்தான் முக்கால்வாசிப் பேர் பிழை விடுகிறார்கள். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று வந்து வெலிகல்லயில் திரும்பினால் வரைபடத்தில் எம்பக்கதான் கிட்ட வரும். "முதலில் கிட்ட இருப்பதைப் பார்ப்போம்" என்று அங்கே இறங்கிவிடுவார்கள். எம்பக்கவில் பார்க்க வேண்டியது கூரைக்குக் கீழே இருக்கிறது. உச்சி வெயிலிலும் நிழல்தான். மற்ற இரண்டும் மொட்டைப் பாறைக்கு மேல் கட்டியவை. அங்கே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடக்க வேண்டும். ஏப்ரலில் பதினொரு மணிக்கெல்லாம் அந்தக் கல் அடுப்புக்கல்லாகிவிடும். ஆறு வயதுப் பிள்ளை அழத் தொடங்கினால் அதற்குப் பிறகு யாரும் சிற்பம் பார்க்க மாட்டீர்கள்.

ஆகவே எம்பக்கவைத் தாண்டி நேரே லங்காதிலக போங்கள், காலை எட்டு மணிக்கு. அடுத்தது கடலாதெனிய. பத்தரைக்குள் பாறை வேலை முடிய வேண்டும். பிறகு வந்த வழியே திரும்பி எம்பக்க. அங்கிருந்து கம்பளைக்கு இறங்கி வீடு. வரைபடத்தைப் பார்த்து ஒழுங்கு போடாதீர்கள், உள்ளங்காலை நினைத்துப் போடுங்கள்.

வேன் சாரதி 22

அண்ணன் சொன்ன ஒழுங்கு சரி. வீதியைப் பற்றி நான் சொல்கிறேன்.

ஹட்டனிலிருந்து கம்பளைக்கு இரண்டு மணி நேரத்துக்குக் குறைத்துக் கணக்குப் போடாதீர்கள். எட்டு மணிக்கு லங்காதிலகவில் நிற்க வேண்டுமென்றால் விடிய ஐந்தே காலுக்கு வேன் புறப்பட வேண்டும். கினிகத்தேனை வளைவுகளில் பிள்ளைகளுக்கு வாந்தி வரும். வெறும் வயிறும் ஆகாது, வயிறு நிறையப் பாலும் ஆகாது. இரண்டு மேரி பிஸ்கட், கொஞ்சம் இஞ்சிப் பிளேன்ரீ போதும். சாப்பாட்டைக் கம்பளையில் வைத்துக்கொள்ளுங்கள். வாந்தி வரும் பிள்ளையை முன் சீட்டுக்குப் பின்னால் நடுவில் இருத்தி, தூரத்து வீதியைப் பார்க்கச் சொல்லுங்கள். போனைக் கையில் கொடுக்காதீர்கள், வாந்திக்குப் பாதிக் காரணம் அதுதான்.

தவுலகல வீதி ஒடுக்கம். 14 சீட் வேன் தாராளமாகப் போகும். பெரிய பஸ் பிடித்து வந்தால் எதிரே ஒரு லொறி வந்தாலே ஒதுங்க இடம் தேட வேண்டும். லங்காதிலகவுக்கு இரண்டு பக்கத்தாலும் ஏறலாம். ஒரு பக்கம் வயலிலிருந்து பாறையில் வெட்டிய படிகள், மறுபக்கம் வாகனம் போகும் வீதி. முழங்கால் வலி இருக்கும் அம்மாவை வீதிப் பக்கம்தான் கூட்டிப்போக வேண்டும். சாரதியிடம் வாடகை பேசும்போதே சொல்லிவிடுங்கள். தெரியாத சாரதி கூகுள் காட்டிய பக்கத்தில் படிக்குக் கீழே இறக்கிவிட்டுப் போய்விடுவார்.

வாடகை பேசும்போது இன்னொன்று. "மொத்தம் எத்தனை கிலோமீற்றர், காத்திருக்கும் நேரம் எத்தனை மணி, அதற்கு மேல் போனால் எவ்வளவு" என்று மூன்றையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வழியில் வாசனைத் தோட்டம், இரத்தினக்கல் கடை என்று நிறுத்தக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு நிறுத்தம் என்றால் முக்கால் மணி நேரம் போய்விடும். ஏப்ரல் 13, 14 வேண்டவே வேண்டாம். கடை பூட்டு, பஸ்ஸும் குறைவு.

புசல்லாவப் பயணி

இவ்வளவு தூரம் போகிறவர்கள் பேராதனைப் பூங்காவையும் தலதா மாளிகையையும் விடலாமா? பிள்ளைகள் இருக்கிறார்களே. காலையில் மாளிகை, பத்து மணிக்குப் பூங்கா, பின்னேரம் இந்தக் கோயில்கள் என்று போட்டால் ஐந்தையும் பார்த்துவிடலாம்.

கம்பளைவாசி

தம்பி, ஐந்தையும் பார்க்கலாம், ஒன்றும் மனசில் நிற்காது. பூங்கா மட்டுமே மூன்று மணி நேரம் கேட்கும். மாளிகையில் பூசை நேரத்து வரிசையில் எழுபது வயது அம்மாவை நிறுத்துவதா? தவிர, ஏப்ரல் பின்னேரம் மலைநாட்டில் இடி மழை நேரம். வெயில் ஏற ஏற முகில் திரண்டு இரண்டு மூன்று மணிக்குக் கொட்டத் தொடங்கும். லங்காதிலக நிற்பது ஊருக்கு மேலே துருத்தி நிற்கும் பாறையில். இடி முழங்கும்போது அந்தப் பாறையில் குடும்பத்தோடு நிற்பது ஆபத்து. பாறைக் கோயில் இரண்டும் காலைக்குத்தான். இதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை.

கல்லெழுத்து

லங்காதிலக போகும் தமிழ்க் குடும்பங்கள் புத்தர் சிலையை வணங்கிவிட்டு, வெளியே நின்று படம் எடுத்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். காலடியில் தமிழ் இருப்பது தெரியாமலே போகிறார்கள். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

விகாரையைக் கட்டுவித்தவர் அரசனின் அமைச்சர் சேனாலங்காதிகாரர். கட்டட வேலையை நடத்தியவர் ஸ்தபதி ராயர், தென்னிந்தியச் சிற்பி. அங்கே பாறையில் பெரிய கல்வெட்டு இருக்கிறது. சிங்களத்தில் ஒரு பகுதி, தமிழில் ஒரு பகுதி. கோயிலுக்கு விட்ட நிலம், தானம், அதைக் காக்க வேண்டியவர் கடமை, இதுதான் விசயம். 1344இல் மலைநாட்டின் நடுவே ஒரு பௌத்த விகாரையின் உரிமைச் சாசனத்தைத் தமிழிலும் வெட்டி வைத்திருக்கிறார்கள் என்றால், அதை வாசிக்க வேண்டியவர்கள் அங்கே இருந்திருக்கிறார்கள் என்று பொருள். கோப்பித் தோட்டம் வருவதற்கு ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டு முந்திய தமிழ் இது. நம் பிள்ளைகள் அதை விரலால் சுட்டிக்காட்டிப் பார்க்க வேண்டும்.

இனி எப்படிப் பார்ப்பது. கல்வெட்டு ஆழமாக வெட்டிய எழுத்து இல்லை. மழையும் காலும் பட்டுத் தேய்ந்தும் இருக்கிறது. சூரியன் தலைக்கு மேல் வந்துவிட்டால் எழுத்துக் குழியில் நிழல் விழாது, பாறை வெறும் பாறையாகத்தான் தெரியும். காலை எட்டு, எட்டரைக்கு வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு கோட்டின் ஓரத்திலும் மெல்லிய நிழல் தட்டும், வரி வரியாக எழும்பி வரும். வானம் மூடியிருந்தால் ஒரு டோர்ச்சைப் பாறையோடு பாறையாகக் கிடத்திப் பக்கவாட்டில் அடியுங்கள், ஒருவர் மேலே குடையோ துணியோ பிடிக்கட்டும். அதே வேலையைச் செய்யும். மேலிருந்து அடித்தால் பயன் இல்லை. போனில் படம் எடுக்கும்போது டோர்ச்சை நான்கு திசையிலும் மாற்றி நான்கு படம் எடுங்கள். ஒரு படத்தில் மறையும் கோடு இன்னொன்றில் வரும்.

சோக்கட்டி பூசக் கூடாது. தண்ணீர் ஊற்றித் தேய்க்கக் கூடாது. மேலே ஏறி நிற்கவும் கூடாது. சோக்கட்டியால் பூசியவர்கள் தாங்கள் நினைத்த எழுத்தைத்தான் பூசுவார்கள். அடுத்து வருபவர் அந்தப் பிழையையே வாசிப்பார், தூளும் கல் துளைக்குள் போய்த் தங்கிவிடும். தொல்பொருட் சட்டப்படியும் குற்றம்.

வாசிக்கத் தெரியுமா என்றால், முழுவதும் முடியாது. அந்தக் காலத்து எழுத்தில் மெய்க்குப் புள்ளி வைப்பது அரிது. "க" என்று இருப்பது க-வா க்-ஆ என்பதை இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எ, ஏ வேறுபாடும் ஒ, ஓ வேறுபாடும் எழுத்தில் இல்லை, அது பிற்காலத்தில் வந்தது. ரகரமும் கால் குறியும் ஒன்று போலவே இருக்கும். வடசொல் வரும் இடங்களில் கிரந்த எழுத்து கலந்து வரும். ஆனால் ப, ட, ம, ய நான்கும் இன்றைய வடிவத்துக்கு மிகக் கிட்ட. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஒரு தாளில் இந்த நான்கையும் எழுதிக் கொடுத்து, "ஒவ்வொன்றிலும் ஒன்று கண்டுபிடி" என்று விடுங்கள். பத்து நிமிடத்தில் பிள்ளை உங்களை இழுத்துக்கொண்டு போய்க் காட்டும்.

ஹட்டன் தாமரை

அண்ணன், இதை நான் அறியவே இல்லை. கட்டடத்துக்குள்ளே என்ன பார்க்க வேண்டும்? பெரியவளுக்குச் சுவர்ச்சித்திரம்தான் முக்கியம்.

வண்ணச்சாந்து

சித்திரத்துக்கும் லங்காதிலகதான், தங்கச்சி. கட்டடம் 14ஆம் நூற்றாண்டு, உள்ளே தெரியும் சித்திரங்கள் கண்டிக் கால மரபு. இதை மகளுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள், இரண்டையும் ஒரே காலம் என்று எழுதினால் பாடத்தில் பிழையாகிவிடும்.

கண்டிச் சித்திரத்தை இனங்காண நான்கு விசயம் போதும். பின்புலம் பெரும்பாலும் சிவப்பு. நிழல் கிடையாது, தூரம் போகப் போகச் சிறுப்பதும் கிடையாது, எல்லாரும் ஒரே தளத்தில். வெறுமையாக விட்ட இடத்தில் பூவை இறைத்திருப்பார்கள். கதை சொல்லும் இடங்களில் ஒரே ஆள் ஒரே பட்டியில் மூன்று நான்கு முறை வருவார், அது ஒரே கதையின் அடுத்தடுத்த கட்டம். இந்தக் கடைசியைத் தெரியாமல் பார்த்தால் கூட்டமாக ஆட்கள் நிற்பதாகத்தான் படும்.

நிறங்கள் எல்லாம் மருந்துப் பெட்டிச் சரக்கு. வெள்ளை, மக்குல் என்ற வெண்களிமண். சிவப்பு, சாதிலிங்கம். மஞ்சள், கொக்கட்டு மரப் பிசின். கறுப்பு, விளக்குக் கரி. கலந்து பிடிக்க விளாம்பிசின். விளாம்பிசின் தண்ணீரில் கரையும் பொருள். அதனால்தான் ஈரக் கையால் தொட்டாலோ தோளைச் சாய்த்தாலோ நிறம் கையோடு வந்துவிடும். பிள்ளைகளிடம் "தொடாதே" என்று மட்டும் சொன்னால் தொடும். ஒரு துண்டுத் தாளில் வாட்டர் கலர் பூசிக் காயவைத்து, ஈர விரலால் தேய்த்துக் காட்டிவிட்டுக் கூட்டிப் போங்கள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கும்.

பிளாஷ் அடிக்கக் கூடாது. உள்ளே இருட்டாக இருக்கும். வெயிலிலிருந்து நேரே நுழைந்தால் முதல் இரண்டு மூன்று நிமிடம் ஒன்றும் தெரியாது. பேசாமல் நில்லுங்கள், கண் பழகட்டும். பிறகு கூரையின் தாமரைகள், மகர தோரணத்தின் மேல் முகம், சுவரோரப் பட்டி என்று மெல்ல வரும். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்க வேண்டாம். இங்கே அது பெரிய அவமரியாதை, பொலிஸ் வரை போகும்.

பிறகு மறக்காமல் கட்டடத்தைச் சுற்றி மேற்குப் பக்கம் போங்கள். கிழக்கு வாசல் புத்தருக்கு, மேற்கு வாசல் தெய்வங்களுக்கு. உபுல்வன், சமன், விபீஷணன், கணபதி, கந்தகுமாரன் என்று சுற்றுச் சுவருக்குள்ளேயே கோட்டம் வைத்திருக்கிறார்கள். கும்பிட விரும்புகிற அம்மாவுக்கு அங்கே பிள்ளையாரும் முருகனும் இருக்கிறார்கள். ஆரம்பத்தில் நான்கு மாடி இருந்ததாகச் சொல்வார்கள். மேல்பகுதி போய்விட்டது. அவ்வளவு கனமான செங்கல் கட்டடம் இவ்வளவு காலம் நிற்பதற்குக் கீழே இருக்கும் பாறைதான் பலம், அத்திவாரம் தேடித் தோண்டவே தேவையில்லை.

கல்லெழுத்து

கடலாதெனியவையும் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். தலைமைச் சிற்பி கணேசுவராச்சாரி. அவரும் தென்னிந்தியர். தமிழ்நாட்டுக் கோயில் பார்த்த எவருக்கும் இந்த இடத்தில் வழிகாட்டி தேவையில்லை. அதிட்டானம் என்ற அடித்தளம், அதன் மேல் சுவர், தூண், தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்கும் போதிகை, மண்டபம், சிகரம் எல்லாம் அதே வரிசையில் இருக்கும். உள்ளே வீற்றிருப்பவர் மட்டும் புத்தர். படியருகே குனிந்து பாருங்கள், ஆடுபவர்களும் மேளம் அடிப்பவர்களும் கையளவில் வரிசையாகச் செதுக்கப்பட்டிருப்பார்கள். நின்றபடி நடப்பவர் கண்ணில் படாது, ஆறு வயதுப் பிள்ளையின் கண்மட்டத்துக்கு நேரே வரும். பக்கத்திலே நான்கு சிறு கோயில்கள் சூழ்ந்த தூபி ஒன்று கூரைக்குக் கீழ் இருக்கிறது, விஜயோத்பாய என்பார்கள். பாறைக் குழியில் தேங்கும் தண்ணீரில் விம்பம் பார்ப்பதும் காலையில்தான்.

ஹட்டன் தாமரை

வெயில் சூட்டுக்குக் காலுறை போட்டுக்கொள்ள விடுவார்களா? அம்மாவுக்குப் பயமாக இருக்கிறது.

கம்பளைவாசி

போடலாம். செருப்பும் தொப்பியும்தான் கூடாது. பருத்திக் காலுறை, தடித்தது. நைலோன் வேண்டாம், சூட்டில் காலோடு ஒட்டும். ஆனால் முதல் நாள் மழை பெய்து பாறையில் பாசி ஈரம் இருந்தால் காலுறையைக் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் வழுக்கும். வெறுங்கால் பாறையைப் பிடிக்கும், ஈரக் காலுறை பிடிக்காது. அம்மாவுக்கு அதுதான் சூட்டைவிட ஆபத்து.

உடை முழங்காலும் தோளும் மூட வேண்டும். வெள்ளை, வெளிர் நிறம் நல்லது. பழைய செய்தித்தாள் பையில் இரண்டு வைத்திருங்கள், செருப்பைச் சுற்றிப் பையிலேயே கொண்டுபோகலாம். ஒரு வாசலில் கழற்றி மறு வாசலில் இறங்க வேண்டி வந்தால் திரும்பி நடக்க வேண்டாம்.

தச்சுப்பட்டறை

எம்பக்கவைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை, ஆகவே நான் எழுதுகிறேன். அது எங்கள் தொழில்.

எம்பக்க தேவாலயம் கதிர்காமத் தெய்வத்துக்கு, அதாவது நம் முருகனுக்கு. பார்க்க வேண்டியது முன்னால் இருக்கும் மேள மண்டபம், திக்கெ என்பார்கள். கம்பளை அரசனின் கைவிடப்பட்ட மண்டபத்திலிருந்து தூண்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள் என்பது ஊர்க் கதை. தலைமைத் தச்சர் தெல்மட தேவேந்திர மூலாச்சாரி என்று மரபு. மொத்தச் செதுக்கு வேலையை 514 என்று எண்ணிச் சொல்வார்கள்.

மரம் கம்மாலு என்பார்கள். தமிழில் வேங்கை. வெட்டினால் இரத்தம் போல் சிவந்த பால் வடியும் அதே மரம். வள்ளியைத் தேடி வந்த முருகன் வேங்கை மரமாக நின்ற கதை அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். முருகன் கோயிலில் வேங்கைத் தூண் நிற்கிறது, அம்மாவையே பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்லுங்கள்.

ஒரு தூணைப் பிடித்துக்கொள்ளுங்கள். அடி சதுரம். அதற்கு மேல் எட்டுப் பட்டை. நடுவில் மறுபடியும் சதுரம், அதன் நான்கு முகத்திலும் நான்கு சித்திரம். மறுபடி எட்டுப் பட்டை, மேலே சதுரம், அதற்கு மேல் தாமரை விரிந்து தொங்கும் போதிகை. எட்டுப் பட்டை எப்படி வருகிறது என்றால், சதுர மரத்தின் நான்கு மூலையையும் சீவிவிட்டால் எட்டு முகம். சித்திரம் வரும் இடத்தில் மட்டும் மூலையைச் சீவாமல் விட்டிருக்கிறார்கள். ஒட்டு வேலை இல்லை, முழுத் தூணும் ஒரே மரம். ஒரு முகத்தில் உளி தவறினால் அந்தத் தூணே போச்சு. அதை நினைத்துக்கொண்டு பாருங்கள்.

பெரும்பாலோர் நடுவழியில் நடந்து, வழியைப் பார்க்கும் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு வெளியே வருவார்கள். நான்கில் மூன்றைத் தவறவிடுகிறார்கள். தூணைச் சுற்ற வேண்டும். மல்லுக்கட்டும் இருவர், கழுத்துப் பின்னிய அன்னங்கள், இருதலைப் புள், குதிரை வீரன், பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய், ஆடும் பெண். பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று பொறுப்புக் கொடுங்கள், தேடிப் பிடிக்கட்டும். அன்னங்களில் ஒரு கழுத்தைப் பிடித்து விரலைத் தொடாமல் காற்றில் இழுத்துக்கொண்டே போனால் எந்தத் தலைக்குப் போகிறது என்று கண்டுபிடிக்க நேரம் எடுக்கும். அதுதான் தச்சரின் விளையாட்டு.

அடுத்தது கூரை. மண்டபத்தின் ஒரு முனைக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். 26 கைமரங்கள், அதாவது கூரையைத் தாங்கும் சாய்வு மரங்கள், விசிறி போல் வந்து ஒரே இடத்தில் கூடும். அத்தனையையும் பிடித்து நிற்பது ஒரே ஒரு மர முளை. மடோல் குருப்பாவ என்று பெயர். சாதாரணக் கூரையில் கைமரம் ஒவ்வொன்றும் வளையில் உட்கார்ந்து ஆணியில் நிற்கும். இங்கே அத்தனை கைமரத்தின் நுனியும் அந்த ஒரே முளையில் போய் நிற்கிறது. விசிறி போல் வருவதால் ஒவ்வொன்றையும் அதனதன் கோணத்துக்குச் சீவியிருக்க வேண்டும். போனில் ஸூம் போட்டுப் பார்த்தால் முளையின் மேலும் பூ வேலை தெரியும். அவ்வளவு உயரத்தில் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று விடவில்லை.

பின்பக்கம் கல்லுக்கு மேல் தூக்கிக் கட்டிய பழைய நெல் அறை ஒன்றும் உண்டு. ஈரமும் எலியும் ஏறாமல் இருக்க அந்த உயரம்.

புதனும் சனியும் கெம்முர நாள். பூசை, மேளம் உண்டு. மேளத்தைக் கேட்க விரும்பினால் அந்த நாள், தூணை ஆறுதலாகப் பார்க்க விரும்பினால் வேறு நாள். போயா என்ற முழுநிலா தினத்தில் மூன்று இடமும் நிறையும், சில் என்ற பௌத்த நோன்பு எடுத்த வெள்ளை உடைக்காரர் நடுவே பிள்ளைகள் ஓட முடியாது.

புசல்லாவப் பயணி

சரி அண்ணன்மார், பூங்காவை விட்டுவிட்டேன். வேன் இல்லாமல் போகிறவர்களுக்கு? எங்கள் பக்கம் இருந்து பஸ்தான்.

வேன் சாரதி 22

புசல்லாவையிலிருந்து கம்பளை, பேராதனை பஸ் பிடித்து, பேராதனையில் மாறிப் பிலிமத்தலாவப் பக்கம் போங்கள். கடலாதெனிய பிரதான வீதியிலிருந்து உள்ளே கிட்டத்தான், அங்கே தொடங்குங்கள். அங்கிருந்து லங்காதிலகவுக்கு பஸ் அல்லது ஆட்டோ. லங்காதிலகவிலிருந்து எம்பக்கவுக்கு வயல் வழியாக நடக்கலாம், பெரியவர் நடையில் முக்கால் மணி. நடை வழியில் மழைக்குப் பின் அட்டை இருக்கும். சவுக்காரத்தைக் காலில் ஈரமாகப் பூசிக் காயவிட்டால் ஏறாது. ஏறிவிட்டால் பிய்க்க வேண்டாம், கொஞ்சம் உப்புப் போடுங்கள், தானே விழும்.

ஆட்டோ பிடிக்கும்போது மீட்டர் இல்லாவிட்டால் ஏறும் முன்னே "மூன்று இடம், காத்திருப்புடன்" என்று சேர்த்துப் பேசுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாகப் பேசினால் கூடும். ரயிலில் வருபவர்கள் முதல் நாளே ஸ்டேசனில் கேட்டுவிட்டு வாருங்கள். மலைப் பாதையில் மண்சரிவு வந்தால் ஓட்டம் மாறும்.

ஹட்டன் தாமரை

சாப்பாடு என்ன செய்வது? வரும் வழியில் ஒரு பித்தளைக் குத்துவிளக்கும் எடுக்க அம்மா ஆசைப்படுகிறார்.

கம்பளைவாசி

எம்பக்கவுக்குள் போகும் நாளில் மீன், இறைச்சி தவிர்ப்பது அந்த ஊர் வழக்கம். ஆகவே மரக்கறிதான் கட்டுங்கள். ரொட்டியும் இடிசம்பலும் ஏப்ரல் சூட்டுக்குத் தாங்கும். தேங்காய்ப்பால் கறி கட்டினால் பதினொரு மணிக்குப் புளித்துவிடும். சோறு கட்டினால் ஆறவிட்டு வாழை இலையில், பருப்பைத் தனிப் போத்தலில். ஒன்பது பேருக்குத் தண்ணீர் பன்னிரண்டு லீற்றராவது வேண்டும். கோயில் வளவுக்குள் சாப்பிட வேண்டாம், வேனிலோ வெளியே மர நிழலிலோ சாப்பிடுங்கள். குரங்குகள் பையைப் பறிக்கும். வேன் கண்ணாடி திறந்திருக்கக் கூடாது.

தச்சுப்பட்டறை

பித்தளைக்குப் பிலிமத்தலாவதான், வீதியோரம் கடை வரிசை. நீங்கள் கடலாதெனிய முடித்ததும் அங்கே எட்டிப் பார்த்துவிட்டு எம்பக்கவுக்குத் திரும்பலாம், அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

சின்னக் காந்தம் ஒன்று பையில் கொண்டுபோங்கள். விளக்கில் ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே பூச்சு. பித்தளையில் ஒட்டாது. அடியைத் திருப்பிப் பாருங்கள், அடிப்பக்கம் பூச்சுப் பிடிக்காமல் உண்மை நிறம் தெரியும். குத்துவிளக்கை அடி, தண்டு, தட்டு என்று கழற்றிப் பூட்டச் சொல்லிக் கேளுங்கள். மரை நேராக ஏற வேண்டும். கோணலாக ஏறினால் எரியும்போது தட்டு சரிந்து எண்ணெய் ஒரு பக்கம் வழியும். தட்டில் தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் மேசையில் வையுங்கள், வார்ப்பில் ஊசித்துளை இருந்தால் அடியில் ஈரம் தட்டும். விலை கிலோக் கணக்கிலா, துண்டுக் கணக்கிலா என்பதை முதலில் கேளுங்கள். கிலோ என்றால் தராசில் வைக்கும்போது தண்டுக்குள் மண்ணோ ஈயமோ அடைத்திருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள், வெறும் தண்டு கணீரென்று சத்தம் தரும்.

எம்பக்கவில் மரச் சிற்பம் வாங்குவதென்றால் அடிப்பக்கத்தை நகத்தால் சுரண்டுங்கள். மெல்லிய மரத்துக்குச் சாயம் ஏற்றித் தேக்கு என்று விற்பது உண்டு. சாயம் என்றால் சுரண்டிய இடம் வெளுக்கும்.

ஹட்டன் தாமரை

எல்லாம் எழுதி வைத்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று. விடியவே மழை பிடித்துவிட்டால் என்ன செய்வது? பயணத்தைத் தள்ளிப் போடவா?

கம்பளைவாசி

தள்ள வேண்டாம், ஒழுங்கைத் திருப்புங்கள். மழை என்றால் பாறை சுடாது, வழுக்கும். நேரே எம்பக்க போய் மண்டபத்துக்குள் இருங்கள். மழை விடும் வரை தூண் தூணாகப் பார்க்கலாம், கூரையில் மழைச் சத்தமும் நன்றாக இருக்கும். பதினொரு மணிக்குள் விட்டால் லங்காதிலக. வீதிப் பக்கத்தால் ஏறி, சித்திரத்தை மட்டும் பார்த்துவிட்டு இறங்குங்கள். இடி முழக்கம் கேட்டால் ஏறவே வேண்டாம். மூன்றாவதை அடுத்த லீவுக்கு விடுங்கள்.

கல்லெழுத்து

மழை விட்ட கையோடு ஏறினால் கல்வெட்டை விட்டுவிடாதீர்கள் தங்கச்சி. நனைந்த பாறை காயும்போது மேற்பரப்பு முதலில் வெளுக்கும், எழுத்துக் குழிக்குள் ஈரம் தங்கும். கால் மணி நேரம் போல எழுத்து கறுப்பு மையில் எழுதியது மாதிரி நிற்கும். அப்போது டோர்ச் தேவையில்லை. ஒருவர் முன்னால் ஏறிப் பார்த்து, பாறை வெளுக்கத் தொடங்கியதும் மற்றவர்களைக் கூப்பிடச் சொல்லுங்கள்.